பாய்லருக்கு ஆயுசு கெட்டி

என் மாமனாரைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும், "எவ்வளவு சிக்கனமான மனுஷர்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். சேலையூர் பக்கம் போனால் அவரைத் தெரிந்தவர்கள் இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள். வீட்டுக்குள் கூப்பிட்டு, காபி கொடுத்து, "அவரை மாதிரி ஒரு பொருளைக் காப்பாத்த யாரால முடியும்?" என்று கேட்பார்கள். எனக்கு உச்சந்தலைக்குச் சுர்ரென்று ஏறும். காபி நன்றாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு குடித்துவிட்டு வருவேன். இல்லாவிட்டால் ஏதாவது சொல்லிவிடுவேன். செத்தவரைப் பற்றிக் குறை பேசாதே என்று என் வீட்டுக்காரர் ஆட்டோவில் வரும்போது முணுமுணுப்பார். மாமனாருக்கு முன்னால் செத்த ஒருத்தி இருக்கிறாளே, அவளைப் பற்றி யார் பேசுவது?

மாமனார் பல்லாவரத்தில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பொறுப்பில் இருந்து ரிடையர் ஆனவர். அங்கே ஒரு சாமான் பழையதாகிப் போனால் அதைக் 'கண்டம்' பண்ண வேண்டும். அதாவது, இது இனிமேல் உதவாது என்று ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும், அப்புறம்தான் புதுசு வரும். கையெழுத்துப் போடுகிற அந்த நாற்காலியில் இவரை உட்கார வைத்திருந்தார்கள். இவர் போடவே மாட்டாராம். "சார், நாற்காலிக்கு மூணு கால்தான் இருக்கு" என்று ஒருத்தர் வந்து நின்றால், "செவுரோரமா சாச்சுப் போட்டு உட்காருப்பா" என்பாராம். இதை அவரே சொல்லிச் சிரிப்பார். கல்யாணமாகி வந்த புதிதில் நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

வீட்டிலும் அதே உத்தியோகம்தான். எந்தப் பொருளைக் காட்டினாலும் ஆள்காட்டி விரலை மடக்கி, முட்டியால் இரண்டு தட்டுத் தட்டுவார். காதைக் கிட்டே கொண்டுபோவார். கண்ணை மூடுவார். "ஆயுசு இருக்கு" என்பார். குடைக்கும் இதே வைத்தியம், செருப்புக்கும் இதே வைத்தியம். குடையைத் தட்டினால் அதில் என்ன கேட்கும் என்று நான் இன்றைக்கும் யோசிக்கிறேன். கூடத்தில் ஒரு டேபிள் ஃபேன் இருந்தது. தொட்டால் ஷாக் அடிக்கும். "செருப்பு போட்டுக்கிட்டு சுவிட்ச் போட்டா அது ஒண்ணும் பண்ணாதும்மா" என்றார். அந்த ஃபேனுக்காகவே கூடத்தில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடக்கும். வருகிற விருந்தாளிகள் எல்லாம் அதை மாட்டிக்கொண்டு காற்று வாங்குவார்கள். ஒருவராவது இது என்ன கூத்து என்று கேட்டதில்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், கை சுத்தமான கை. தெருவில் யார் வீட்டு மிக்ஸி நின்றாலும், யார் வீட்டுத் தையல் மிஷின் மக்கர் பண்ணினாலும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசலுக்கு வந்துவிடும். ஒரு காசு வாங்க மாட்டார். பிரித்துப் போட்டு, துடைத்து, எண்ணெய் விட்டு ஓட்டிக் காட்டிவிடுவார். பிறந்த வீட்டிலிருந்து நான் கொண்டுவந்த டிரான்சிஸ்டரை இரண்டு தடவை பிழைக்கவைத்தார். இப்படி ஊரெல்லாம் நல்ல பேர் வாங்கி வைத்திருந்ததால்தான் அவர் சொன்னதை யாரும் எதிர்த்துக் கேட்கவில்லை. ஓடாததை ஓட வைக்கிறவருக்கு, ஓடுகிற ஒன்றை எப்போது நிறுத்த வேண்டும் என்றும் தெரியும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அது வேறு, இது வேறு.

இனி பாய்லருக்கு வருகிறேன்.

வீட்டின் பின்பக்கம், கிணற்றை ஒட்டி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட குளியலறை. ஒரு கதவு, மேலே கையகல வென்டிலேட்டர். மூலையில் செம்பு பாய்லர் இடுப்பு உயரத்துக்கு நிற்கும். நடுவில் ஒரு குழாய், அதற்குள் நெருப்பு. சுற்றிலும் தண்ணீர். அடியில் சாம்பல் தட்டு, பக்கத்தில் வெந்நீர் பிடிக்கப் பித்தளைத் திருகு. உச்சியிலிருந்து ஒரு தகரப் புகைபோக்கி கூரையைத் துளைத்துக்கொண்டு வெளியே போகும். என் வீட்டுக்காரர் பிறந்த வருஷம் வாங்கினதாம். "உன் புருஷனுக்கும் அதுக்கும் ஒரே வயசு. அது ஒரு நாள் லீவு போட்டதில்ல, இவனைப் பாரு" என்று மாமனார் அவரைச் சீண்டுவார்.

நான் அந்த வீட்டுக்கு வந்த இரண்டாவது மழைக்காலத்தில் புகைபோக்கி துருப்பிடித்து, ஒரு காற்றுக்கு முறிந்து கொல்லையில் விழுந்தது. தாம்பரம் மார்க்கெட்டிலிருந்து தகர வேலை செய்கிற ஆள் வந்து பார்த்தார்.

"இன்னா சார், கைய வெச்சா பொடிப்பொடியா கொட்டுது. ஒட்டுப் போடவும் வழியில்ல. புச்சா ஒண்ணு பண்ணி ஏத்திர்லாம்."

மாமனார் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதைத் தட்டப் போனார். தட்டின இடம் உள்ளே போய்விட்டது. அவர் வாயிலிருந்து "ஆயுசு இருக்கு" வராமல் போனதை அன்றுதான் முதலில் பார்த்தேன். ஆனால் புதுசு வாங்க மனசு வந்ததா என்றால் அதுவும் இல்லை. தகரக்காரரை அனுப்பிவிட்டு, ராத்திரி சாப்பிடும்போது எல்லோரையும் பார்த்து ஒரு திட்டம் சொன்னார்.

"விறகு போட்டாத்தானே புகை? நாளையிலேர்ந்து கரி போடுவோம். கரிக்கு ஏது புகை? புகையே இல்லாததுக்குப் புகைபோக்கி எதுக்கு?"

என் வீட்டுக்காரர், "அப்பா மூளையே மூளை" என்றார். மாமியார் ரசத்தை ஊற்றிக்கொண்டே ஒப்புக்குச் சிரித்தார். மறுநாள் கூரை ஓட்டையைத் தார்ச்சீலை வைத்து அடைத்தாயிற்று, மழை ஒழுகக் கூடாது பாருங்கள். கேம்ப் ரோட்டுக் கடையிலிருந்து ஒரு மூட்டை அடுப்புக்கரி வந்தது. சூடு வீணாக மேலே போகிறது என்று பாய்லர் வாய்க்குப் பாதி மூடினாற்போல் ஒரு தட்டும் வைத்தார். அந்த அறையில் கண் எரியவில்லை, சுவர் கறுக்கவில்லை. அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூட்டிவந்து காட்டினார்.

அதற்குப் பிறகுதான் மாமியாருக்குத் தலைவலி வர ஆரம்பித்தது. குளித்துவிட்டு வந்தால் சமையலறை வாசற்படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். "ஏங்க, தலை கிர்ருன்னு சுத்துதுங்க" என்பார். மாமனார் பேப்பரை இறக்கிப் பார்ப்பார். "வயசாச்சு இல்ல? காபி குடி, நின்னுடும்." காபி குடித்துக் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். நிற்கத்தான் செய்யும், வெளிக்காற்று பட்டுவிட்டதே. ஆனால் காபி ஜெயித்தது என்று அவர் கணக்கு.

பெண்டாட்டி உடம்பையும் அவர் முட்டியால் தட்டாத குறைதான். மாமியாரின் வலது கண்ணில் புரை விழுந்திருந்தது. கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாமா என்று நான் கேட்டபோது, "இன்னொரு கண்ணு நல்லாத்தானே தெரியுது, அவசரம் என்ன?" என்றார். அரிசியில் கல் பொறுக்கும்போது அந்த அம்மாள் முறத்தை இடது பக்கமாகத் திருப்பித் திருப்பி வைத்துக்கொள்வார். மூட்டுவலி என்றால் தைலம். பல்வலி என்றால் கிராம்பு. டாக்டர் பேச்சை எடுத்தால், "நல்லா ஓடுறதைப் பிரிச்சா கெட்டுத்தான் போகும்" என்பார். மிக்ஸிக்குச் சொல்லுகிற வாக்கியத்தை மனுஷிக்குச் சொல்கிறோம் என்று அவருக்கு ஒரு தடவைகூட உறைத்ததில்லை.

இந்தச் சமயத்தில் நாத்தனார் முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். கேளம்பாக்கத்தில் கொடுத்திருந்த பெண். தாம்பரத்தில் ஒரு நர்ஸிங் ஹோமில் ஆண் குழந்தை பிறந்து, தாயும் பிள்ளையும் நல்லபடியாக வீட்டுக்கு வந்தார்கள். பிள்ளை பெற்ற உடம்பில் பச்சைக்காற்று படக்கூடாது என்பது வழக்கம். வெந்நீர் ஊற்றுவதற்கு முன் மாமியார் வென்டிலேட்டரில் கோணியைத் திணித்தார். கதவைச் சாத்தி, அடி இடுக்கில் பழைய புடவையைச் சுருட்டி வைத்தார். மகளை மணையில் உட்கார வைத்து, பாய்லரிலிருந்து கொதிக்கக் கொதிக்கப் பிடித்து விளாவி ஊற்ற ஆரம்பித்தார். மார்வாடி கடைப் பெட்டகம்கூட அவ்வளவு இறுக்கமாகப் பூட்டியிருக்காது.

நான் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கூடத்தில் இருந்தேன். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நின்றது. மறுபடி கேட்கவே இல்லை. கூப்பிட்டுப் பார்த்தேன். உள்ளிருந்து மாமியார் குரல் குழறிக்கொண்டு ஏதோ வந்தது, வார்த்தையாக வரவில்லை. குழந்தையைக் கீழே விட்டுவிட்டு ஓடினேன். வீட்டு வேலைக்கு வருகிற சரோஜா கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். இருவருமாகக் கதவைத் தள்ளினோம். நாத்தனார் மணையிலிருந்து சரிந்து கிடந்தாள். மாமியார் சுவரில் சாய்ந்து, சொம்பைப் பிடித்தபடி, எழுந்திருக்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, இன்னா இது, கண்ணு சொருகிகினு கீது. காலப் புடி, வெளிய இஸ்துனு பூடலாம்" என்றாள் சரோஜா.

துணிகூட சரியாகச் சுற்றாமல் இருவரையும் கிணற்றடிக்கு இழுத்துப் போட்டோம். கொஞ்ச நேரத்தில் நாத்தனார் கண் திறந்து வாந்தி எடுத்தாள். முகம் மட்டும் வெளுக்கவில்லை, மஞ்சளும் குங்குமமும் கலந்து பூசினாற்போல் சிவந்திருந்தது. வெந்நீர்ச் சூடு என்று நினைத்தோம்.

மாமனார் நடைப்பயிற்சி முடித்து வந்தார். விஷயத்தைக் கேட்டார். "ரத்தம் கம்மி. முருங்கைக்கீரை குடுங்க" என்றார். "அப்போ அத்தைக்கு?" என்று கேட்டேன். "அவ பயந்திருப்பா." அவ்வளவுதான், கேஸ் முடிந்தது. நான்கு வீடு தள்ளி இருந்த ஒரு பாட்டி காற்று கறுப்பு என்று சொல்ல, மாமியார் வேப்பிலை கட்டினார். அதற்கு மட்டும் மாமனார் தடை சொல்லவில்லை. வேப்பிலை சும்மா கிடைக்கிற வஸ்து.

எனக்கு மனசு ஆறவில்லை. நாத்தனாரை, பிரசவம் பார்த்த டாக்டரம்மாவிடம் காட்டப் போனபோது முழுவதும் சொன்னேன். அந்த அம்மாள் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"பாத்ரூமுக்குள்ள என்ன இருக்கு?"

"பாய்லர், மேடம்."

"விறகா, கரியா?"

"கரி. புகையே வராது."

"புகை வெளிய போறதுக்கு வழி இருக்கா?"

"முன்னாடி இருந்துச்சு. இப்ப இல்ல."

"கேளும்மா. கரியில ஒரு வாயு வரும். கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. மூடின ரூம்ல அதை சுவாசிச்சா அப்படியே தூங்க வெச்சிடும், எழுப்ப முடியாது. உங்க வீட்டுல ரெண்டு பேர் பிழைச்சு வந்திருக்காங்க. அடுத்த தடவை வருவாங்கன்னு சொல்ல முடியாது. அந்தப் பாய்லரை முதல்ல எடுக்கச் சொல்லு."

பஸ்ஸில் நாத்தனார் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழற்றாமல் மாமனார் முன்னால் நின்று, டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவர் எழுந்து குளியலறைக்குப் போனார். என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்? பாய்லரைத் தட்டினார். கணீரென்று கேட்டது.

"செம்பும்மா. கேட்டியா சத்தத்தை? எனக்கப்புறம், உன் புருஷனுக்கப்புறமும் இருக்கும். இதைப் போயி கண்டம் பண்ணச் சொல்றியா?"

"பாய்லரை யாரும் குறை சொல்லல மாமா. குழாய் ஒண்ணு போடுங்க. இல்ல, வெளிய கிணத்தடியில வெச்சுடலாம். ரெண்டும் வேணாம்னா கீசர் வாங்கலாம்."

"டாக்டரம்மா வீட்டுல கீசர் இருக்கும், அதான் அவங்களுக்குக் கரியைப் பார்த்தா பயமா இருக்கு. எத்தனை வருஷமா இந்த ரூம்ல குளிக்கிறோம். யார் செத்தா சொல்லு?"

"அத்தனை வருஷமும் குழாய் இருந்துச்சு மாமா."

அவர் முகத்தைக் கிணற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டார். "வென்டிலேட்டரைத் திறந்து வெச்சுக் குளிங்க, போதும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் வீட்டுக்காரர் மதில் மேல் பூனை. என்னிடம் "நீ சொல்றது சரிதான்" என்றார், அங்கே போய் "அப்பா சொல்றதிலயும் நியாயம் இருக்கு" என்றார். கையில் சம்பளம் வாங்குகிற ஆண்பிள்ளை. ஒரு தகரக் குழாயைத் தானே வாங்கிவந்து மாட்டியிருக்கலாம். அப்பா மனசு புண்படுமாம்.

அன்றிலிருந்து நான் அந்தப் பாய்லர் தண்ணீரைத் தொடவில்லை. பம்ப் ஸ்டவ்வில் அண்டா வைத்து நாத்தனாருக்கும் குழந்தைக்கும் கிணற்றடியில் படுதா கட்டி ஊற்றினேன். பிறகு என் வீட்டுக்காரரும் அண்டாவுக்கு மாறினார், சத்தம் போடாமல். மிச்சம் இருந்தவர் மாமியார். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

"எல்லாருமே நிறுத்திட்டா அவருக்கு முகம் விழுந்துடும்மா. காலையில எழுந்து அவர்தான் கரி போட்டு விசிறிப் பத்த வைக்கிறாரு. நான் ஒருத்தியாவது குளிக்கலேன்னா எப்படி?"

"உங்களுக்குத் தலை சுத்துதே அத்தை."

"சுத்தட்டும். உட்கார்ந்தா நின்னுடுது."

மாமனாரும் அதே தண்ணீரில்தானே குளித்தார் என்று நீங்கள் கேட்கலாம். குளித்தார். அவர் குளியல் வேறு மாதிரி. பாய்லரைப் பற்ற வைத்துவிட்டு நடக்கப் போவார், மாமியார் குளித்து முடித்து நெருப்பு அவிகிற சமயத்துக்கு வருவார், கதவை ஒருக்களித்து வைத்து நாலு சொம்பு ஊற்றிக்கொண்டு வந்துவிடுவார். நெருப்பு கனகனவென்று இருக்கிறபோது கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்தது அந்த அம்மாள் ஒருத்திதான்.

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் ஒரு மார்கழி. மாமியாருக்கு இருமல் இருந்தது. வாசலில் கோலம் போடுவதற்கு முன் குளித்துவிட வேண்டும் என்று விடியலிலேயே போனார். வென்டிலேட்டர் வழியாகப் பனிக்காற்று வந்திருக்க வேண்டும். கோணியை எடுத்து அடைத்திருக்கிறார். பால் காய்ச்சிவிட்டு நான் எட்டிப் பார்த்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் சொம்புச் சத்தம் இல்லை. தட்டினேன். என் வீட்டுக்காரர் வந்து உதைத்துக் கதவைத் திறந்தார். மாமியார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கிணற்றடிக்கு இழுத்தோம். இந்த முறை கண் திறக்கவில்லை.

தெருக்கோடி டாக்டர் வந்தார், நாடி பார்த்தார், ஹார்ட் அட்டாக் என்றார். அவர் குளியலறைக்குள் போகவில்லை. அவரை யாரும் போகச் சொல்லவும் இல்லை. நான் பாய்லரைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்தார். "இப்ப சொல்லி என்ன ஆகப்போவுது? அம்மா திரும்பி வரப்போறாங்களா?" நாத்தனார் கேளம்பாக்கத்திலிருந்து அழுதுகொண்டே வந்தாள். தாயின் முகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும். அவளும் பேசவில்லை.

அந்த முகம் சிவந்திருந்தது. கிணற்றடியில் அன்றைக்கு நாத்தனார் முகம் இருந்த அதே சிவப்பு. வந்த பெண்கள் எல்லாம் குனிந்து குனிந்து பார்த்தார்கள். "எப்படி லட்சணமா இருக்கு பாரு. தூங்குற மாதிரியே. பூவோட பொட்டோட போற புண்ணியவதிக்குத்தான் இந்தக் களை வரும்" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி தன் மகளைக் கூப்பிட்டு அந்தக் காலைத் தொட்டுக் கும்பிடச் சொன்னாள். எனக்குக் கத்த வேண்டும் போல் இருந்தது. விஷவாயு பூசின நிறத்தைச் சுமங்கலிக் களை என்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கும்பிட்டவர்களுக்கு எல்லாம் மாமனார் கைகூப்பி, "அவ ஆயுசு அவ்வளவுதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாற்காலிக்கும் குடைக்கும் ஆயுசு இல்லை என்று சொல்ல மனசு வராத மனிதருக்கு இதைச் சொல்ல நாக்குக் கூசவில்லை.

காரியமெல்லாம் முடிந்தது. இனியாவது தூக்கிப் போடுவார் என்று நம்பினேன். ஒரு காலையில் கொல்லைப் பக்கம் விசிறி சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் பாய்லரில் கரி கனன்றுகொண்டிருக்கிறது. "சும்மா கிடந்தா செம்புல களிம்பு ஏறும்மா" என்றார். ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கி நடுக்குழாயில் கொட்டினேன். புஸ்ஸென்று சாம்பலும் ஆவியும் கிளம்பி அவர் வேட்டியெல்லாம் கறுப்பு. மறுநாள் காய்ந்த கரி போட்டு மறுபடி பற்ற வைத்தார். எவ்வளவு பிடிவாதம் என்று பாருங்கள். அப்படியே ஒரு வருஷத்துக்குப் பக்கமாக ஓட்டினார். காலையில் எழுப்புவதற்கும் சூடு ஆறுவதற்குள் குளிப்பதற்கும் ஆள் இல்லை. அவரே பற்ற வைத்து, அவரே குளித்தார்.

அடுத்த ஐப்பசியில் நல்ல மழை. சாரல் உள்ளே அடித்ததால் அன்றைக்குக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு குளித்திருக்கிறார், நெருப்பு கனகனவென்று இருக்கும்போதே. சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். மழையிலேயே துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். வாந்தி எடுத்தார். நான் ஓடிப்போய்த் தலையைப் பிடித்தேன்.

"ஏம்மா, தலை கிர்ருன்னு சுத்துதும்மா" என்றார்.

காபி போட்டுக் கொடுத்தேன். குடித்தார். பேப்பரைத் தொடவில்லை. மழை விட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்து, தாமே தாம்பரம் போனார். அவர் ஆட்டோவில் ஏறியதை அந்தத் தெரு அதற்கு முன் பார்த்ததில்லை. மத்தியானம் புது கீசர் பெட்டியோடு வந்தார், கூடவே எலெக்ட்ரீஷியன். பொழுது சாய்வதற்குள் சுவரில் ஏறிவிட்டது. இரண்டு ஆளை வைத்துப் பாய்லரைக் கொல்லையில் உருட்டிவிட்டார். மூலை காலியாகி, தரையில் வட்டமாக ஒரு கறை மட்டும் இருந்தது. தட்டிப் பார்க்கவில்லை, காது வைத்துக் கேட்கவில்லை. இருந்ததைக் கண்டம் பண்ணி புதுசு மாட்ட அவருக்கு ஒரு பகல் போதுமாக இருந்தது.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். சரி, தனக்கு வந்த பிறகாவது மற்றவர்களுக்கு வந்தது நினைவுக்கு வர வேண்டும் இல்லையா? அதைப் பார்க்கத்தான் நான் குளியலறை வாசலில் போய் நின்றேன். கீசரில் சிவப்பு விளக்கு எரிந்தது. மாமனார் துண்டால் அதன் வெள்ளை உடம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் காலாகாலத்துல மாத்திடணும்மா" என்றார். "உயிரோட விளையாடக் கூடாது."

என் குரல் எனக்கே அடங்கின குரலாகக் கேட்டது. "அத்தை எத்தனை வருஷமா தலை சுத்துதுன்னு சொன்னாங்க மாமா?"

துடைப்பதை நிறுத்தினார். நான் குத்திக் காட்டுகிறேன் என்றுகூட அவருக்குப் படவில்லை. கேள்வியைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டு, நிஜமாகவே நின்று யோசித்தார்.

"அவ எப்பவும் ஏதாவது சொல்லிட்டே இருப்பாளேம்மா" என்றார்.